நெல்சன் அவுஸ்திரேலியா போன கதை

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பெயர். பசறைப் பக்கம் குருவிமலைத் தோட்டத்தில் அவர் நல்லையா, தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவர். பதுளையில் துரைமார் கிளப்பில் அவர் நெல்சன், கித்தார் வாசிக்கிறவர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அவரைத் தவிர நாலு பேருக்குத்தான் தெரியும்: என் மாமனார், என் கொழுந்தன், தையல்கடை சுக்ரி நானா, நான். இந்த நாலு வாயையும் காவல் காத்தே என் வயிறு புண்ணாகிப் போனது. கருப்பம்மா எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பாள் என்று லயத்து வீடுகளில் சொல்வார்கள். சொல்லட்டும். என் இடத்தில் இருந்து பார்த்தால் தெரியும்.

இது எப்படி வந்தது என்றால், உலகச் சண்டை வந்ததால் வந்தது. நாற்பத்திரண்டில் எங்கள் மாகாணத்திலேயே இருந்த தியத்தலாவை ராணுவ முகாமில் குசினி வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இவர் போனார். நல்லையா என்ற பெயர் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் வாயில் நுழையவில்லை, நெல்சன் என்று வைத்துவிட்டார்கள். சம்பளப் புத்தகத்திலும் அதுதான். சாப்பாட்டு மண்டபத்தில் கிராமபோனில் ஜாஸ் ஓடுமாம். இவர் தட்டுக் கழுவிக்கொண்டே கேட்பாராம். ஊர் திரும்பிய ஒரு சிப்பாய் தூக்கிப்போக முடியாமல் விட்டுவிட்டுப் போன கித்தார் ஒன்று இவர் கைக்கு வந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காதில் விழுந்ததை விரலால் தேடித் தேடிப் பிடித்தார்.

தோட்டத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், அதுதான் பின்னால் எங்கள் கழுத்துக்கு வந்தது. எங்களுக்கு ஒரு நாள் வேலை என்றால் ஒரு 'பேர்'. மழை வந்து பாதியில் நின்றால் அரைப்பேர். செக்ரோல் என்கிற வருகைப் புத்தகத்தில் பேர் விழாமல் போனால் நாங்கள் குடியிருக்கும் லயக் காம்பிராவும் கையை விட்டுப் போகும். என் மாமனார் இராசையா கங்காணி. அவர் என்ன செய்தார், அப்போது பேர் பதியாமல் இருந்த தன் சின்ன மகனைப் பெரிய மகனின் பேரில் வேலைக்கு இறக்கிவிட்டார். நல்லையா தியத்தலாவையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார், நல்லையாவின் பேர் மூன்று வருஷம் குருவிமலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு இதை யாரும் பெரிய தப்பாக நினைக்கவில்லை. காம்பிரா தப்பியது என்று சந்தோஷப்பட்டோம்.

சண்டை முடிந்து, கித்தாரைப் பதுளையில் நானா கடையில் விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். நாற்பத்தெட்டில் சுக்ரி நானா பதுளையில் ஒரு பேண்ட் சேர்த்தார். நானா வாரம் முழுக்கத் தைப்பார், சனிக்கிழமை டிரம் அடிப்பார். துரைமார் கிளப்பில் வாசிக்க அழைப்பு வந்தபோது தோட்டத்துக் கூலியாளைப் படியேற விடுவார்களா என்ற கேள்வி வந்தது. நானா யோசிக்கவே இல்லை. "இவர் மிஸ்டர் நெல்சன் ரொசைரோ, பறங்கிக்காரர், கூச்ச சுபாவம், அதிகம் பேச மாட்டார்" என்று சொல்லிவிட்டார். பறங்கியர் வெள்ளைக்காரக் கலப்பு, அதில் கறுத்தவர்களும் உண்டு. கோட்டும் அவரே தைத்தார். சனிக்கிழமை பின்னேரம் இவர் பசறை பஸ் ஏறித் தையல்கடைக்குப் போய், உடுப்பு மாற்றி நெல்சனாக வெளியே வருவார். கித்தார் தோட்டத்துக்கு வரவே வராது, கடையிலேயே தொங்கும். மகள் பவளத்திடம், அப்பா நானா கடையில் துணி தேய்க்கப் போகிறார் என்று சொல்லி வைத்தேன்.

அவர் வாசிப்பில் அப்படி என்னதான் இருந்தது என்று நான் சொல்ல வேண்டும். கம்பியை அமுக்கி அடிப்பார், அடித்த கையோடு விரலைத் தளர்த்திவிடுவார். இழுத்து நிற்க வேண்டிய நாதம் நிற்காது, தப்பு மேளம் அடித்த மாதிரி 'டக்' என்று அறுந்துவிடும். அந்த அடி எங்கிருந்து வந்தது என்பது, நானா கடையில் கேட்ட முதல் நாளே எனக்குத் தெரியும். விடியற்காலை பெரட்டுக்கு, வேலை பிரிக்கிற இடத்துக்கு, ஆட்களைக் கூப்பிட மாயாண்டி லயம் லயமாகத் தப்படித்துக்கொண்டு போவார். அவருக்கு வலது கால் இழுக்கும். மூன்று அடி சரியாக விழும், நாலாவதுக்குக் கால் வந்து சேர வேண்டும், அதனால் நாலாவது அடி கொஞ்சம் பிந்தும். குருவிமலையில் பிறந்த குழந்தை எல்லாம் அந்தப் பிந்தலைக் கேட்டுத்தான் கண் விழிக்கும். அதைத்தான் இவர் ஜாஸுக்குள் கொண்டுபோய் வைத்தார். துரைமாரும் அவர்கள் பெண்டாட்டிமாரும் மாயாண்டியின் இழுப்புக் காலுக்கு ஆடினார்கள்.

அவர் பேண்டோடு வாசித்து ஒரே ஒரு தடவை பார்த்தேன். ஐம்பத்தொன்றில் பதுளையில் குதிரைப் பந்தயம். பகலில் கூடாரம் போட்டு பேண்ட் வாசித்தார்கள். பவளத்தை மாமனாரிடம் விட்டுவிட்டு, வேலிக்கு இந்தப் பக்கம் சனத்தோடு சனமாக நின்றேன். அந்த நாலாவது அடி பிந்தி விழும்போதெல்லாம் கூடாரத்தில் ஒரு சிரிப்பு எழும், ஆடுகிற கால்கள் ஒரு கணம் நின்று பிறகு இறங்கும். எனக்குப் பெருமையில் கண் கலங்கியது, அதே நேரம் தோட்டத்து ஆள் யாராவது நிற்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். பாட்டு முடிந்ததும் எங்கள் தோட்டத்துத் துரையே வந்து இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். திங்கட்கிழமை பெரட்டில் அதே துரை இவரைப் பார்த்து, வரிசை கோணலாக நிற்கிறாய் என்று கத்தினார். இவர் தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு குனிந்து நின்றார். துரைக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் எங்கே எங்கள் முகத்தைப் பார்த்தார்?

இதற்குள் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்கள் தலையில் விழுந்திருந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் எல்லாம், இத்தனை வருஷம் இந்த நாட்டை விட்டுப் போகவில்லை என்று தாளில் காட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் இந்தியாவைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் காட்டச் சொன்ன வருஷங்களுக்குள் அந்த மூன்று வருஷமும் வந்தது. உண்மையைச் சொல்லலாம் என்றால் தாள் இல்லை. முகாம் கலைந்துவிட்டது, இருந்த புத்தகத்திலும் நெல்சன்தான். செக்ரோலைக் காட்டலாம் என்றால் பேர் ஒழுங்காக இருக்கிறது, அது பொய். அந்தப் பொய் வெளியே வந்தால் மாமனாரின் கங்காணி வேலை போகும், எங்கள் மனு போகும், எங்களோடு சேர்த்துப் பவளத்துக்கும் நாடு இல்லை. ஆகவே செக்ரோலைக் காட்டினோம். அன்றையிலிருந்து நெல்சனை எவனாவது அடையாளம் கண்டுவிடுவானோ என்ற ஒரே பயத்தோடுதான் எழுந்தேன், படுத்தேன்.

மனுப் போட்டு மூன்று வருஷம் சத்தமில்லை. ஐம்பத்துநாலு மாசி மாதம் இரண்டு கடிதங்கள் ஒரே வாரத்தில் வந்தன. ஒன்று விசாரணைக்கு வரச் சொல்லி. மற்றது சுக்ரி நானா கடைக்கு, நெல்சன் பேரில். கொழும்பு ரேடியோவில் கிழமைக்கு ஒரு நாள் வாசிக்க வரச் சொல்லி. அதை நானா இரண்டு தடவை வாசித்துக் காட்டினாராம். இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

"ஒரு தடவை போய் வாசிச்சிட்டு வந்துர்றேன் புள்ள," என்றார்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா? ரேடியோவுல போனா பேப்பர்ல படம் போடுவாங்க. முகாம்ல இருந்தவன் ஒருத்தன் பார்த்தா போதும், எல்லாம் முடிஞ்சிரும்."

"அப்ப எப்பத்தான் போறது?"

"மொதல்ல விசாரண முடியட்டும். தாளு கைக்கு வரட்டும். பொறகு எங்க வேணுனாலும் போங்க, நான் கேக்க மாட்டேன்."

சரி என்றார். நல்ல மனுஷன். அந்தச் 'சரி'யை நான் இன்னும் மறக்கவில்லை.

விசாரணைக்கு முதல் நாள் எனக்கு ஒரு புத்தி தோன்றியது. கிளப்பில் காசு வாங்கும்போது நெல்சன் என்று கையெழுத்துப் போடுகிறவர். அந்தக் கோணல் எழுத்தை எவராவது ஒத்துப் பார்த்தால்? "கையெழுத்துப் போடாதீங்க. எழுதத் தெரியாதுன்னு சொல்லி கைநாட்டு வச்சிருங்க," என்றேன். மகா கெட்டிக்காரி என்று நினைப்பு எனக்கு.

பதுளையில் அரசாங்கக் கந்தோரில் ஒரு பின்னறை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிவஞானம் என்று ஒரு யாழ்ப்பாணத்து ஐயா, நெற்றியில் திருநீறு, மூக்கில் கண்ணாடி. பக்கத்தில் ஒரு பியோன். இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் சுவரோரம் நின்றேன். ஐயா செக்ரோல் நகலைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"நாப்பத்திமூண்டாம் ஆண்டு மார்கழியில எங்க இருந்தனீர்?"

"தோட்டத்துலதாங்க."

"மூண்டு வருசமா ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் இருக்கேல்லை. ஒரு காய்ச்சல், தலையிடிகூட வரேல்லையோ?"

கொழுந்தன் அப்போது பதினெட்டு வயசுக்காரன், முரட்டு உழைப்பாளி, அண்ணன் பேரைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு பேரும் விடாமல் போயிருக்கிறான். கொஞ்சம் சோம்பேறியாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா? நாற்பத்தைந்தில் இவரே வேலைக்கு இறங்கிய பிறகு பேர் மாதத்துக்கு மூன்று நாலு குறைந்திருந்ததும் அந்தத் தாளிலேயே இருந்தது.

"சாமி புண்ணியத்துல நல்லா இருந்தேங்க," என்றார் இவர்.

ஐயா எதையோ எழுதினார். பிறகு, "இதில கையெழுத்து வையும்," என்றார்.

"எழுதத் தெரியாதுங்க."

பியோன் மைத்தட்டைத் தள்ளிவைத்தான். ஐயா இவருடைய இடது கையைப் பிடித்துப் பெருவிரலை மையில் உருட்டினார். தாளில் அழுத்தினார். கையை விடவில்லை. திருப்பிப் பார்த்தார். மற்ற நாலு விரல் நுனியும் காய்த்துத் தோல் தடித்துப்போயிருந்தது, அதன் குறுக்கே கம்பி பதிந்த கோடு. எழுத்துக்குப் பயந்து நான்தான் அந்தக் கையைக் கொண்டுபோய் அவரிடம் நீட்ட வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டேன்.

"கவ்வாத்து வெட்டுறவைக்கு வலது உள்ளங்கையெல்லோ காய்க்கும்," என்றார் ஐயா.

ஐயா கையை விட்டார். பென்சிலை எடுத்து மேசையில் தட்டினார். முதலில் சும்மா தட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் தடவைதான் என் காதுக்கு எட்டியது. அது பெரட்டுத் தப்பு. இல்லை, நெல்சனின் அடி. ஆனால் பிழையாக, நாலாவது அடி பிந்தாமல், மற்ற மூன்றோடு ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது. இவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் நில்லுங்க, பேசாமல் நில்லுங்க என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன். நாலாம் தடவை, அஞ்சாம் தடவை. பிறகு இவருடைய வலது கால் பெருவிரல் சிமெந்துத் தரையில், அது விழ வேண்டிய இடத்தில், கொஞ்சம் பிந்தி ஒரு தட்டுத் தட்டியது.

பென்சில் நின்றது. ஐயா தரையைப் பார்த்தார். பாவி மனுஷா, பெண்டாட்டி பிள்ளையைவிட உனக்கு அந்த ஒரு அடி பெரிதாகப் போய்விட்டதா என்று எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

ஐயா பியோனைத் தேத்தண்ணி வாங்க அனுப்பினார். கதவு சாத்தியபிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சண்டைக் காலத்தில நானும் தியத்தலாவையில கிளாக்கரா இருந்தனான். குசினியில நெல்சன் எண்டு ஒருத்தர் இருந்தவர். ஞாயிறு பின்னேரத்தில படியில இருந்து வாசிப்பார். எனக்கு அந்த நேரம் வீட்டை விட்டு வந்த கவலை. அவரின்ர வாசிப்பைக் கேட்டால் கொஞ்சம் ஆறும்." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அந்த நெல்சன் இந்த மாகாணத்தில இனியும் வாசிச்சுக்கொண்டு திரிஞ்சால், ஒரு நாளைக்கு ஒருத்தன் மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதுவான். பிறகு இந்த பைலை நான் மூடி வைக்கேலாது. தந்த உரிமையையும் பறிப்பாங்கள். பறங்கியர் கனபேர் இப்ப அவுஸ்திரேலியாவுக்குப் போகினம். அவரும் போயிட்டார் எண்டால் எல்லாருக்கும் நல்லது. விளங்குதோ?"

"வெளங்குதுங்க," என்றார் இவர்.

நேராகத் தையல்கடைக்குப் போனோம். இவர் கித்தாரை எடுத்துக் கம்பிகளைத் தளர்த்திவிட்டு ஆணியில் மாட்டினார். சுக்ரி நானா அதன்மேல் அந்தக் கோட்டைப் போர்த்திவிட்டார். கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதினார், நெல்சன் ரொசைரோ குடும்பத்தோடு கப்பல் ஏறுகிறார் என்று. கிளப்பிலும் அதையே சொன்னார். எங்கள் துரை ரொம்ப வருத்தப்பட்டாராம். மறுநாள் பெரட்டில் அவர் வருத்தத்தோடு நடந்துபோனபோது நெல்சன் அவருக்கு நாலு முழத்தில் கம்பளி போட்டு நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த வருஷக் கடைசியில் தாள் வந்தது. டிரங்குப்பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினேன். தாள் வந்தால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. இவர் எனக்குத் தெரியாமல் எங்கேயாவது வாசிக்கிறாரோ என்று சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் இடது கையை இழுத்து விரல் நுனியை அமுக்கிப் பார்ப்பேன். சந்தேகக்காரப் புருஷன் பெண்டாட்டியைச் சோதிக்கிற மாதிரி. இவர் பேசாமல் கையை நீட்டுவார். முதலில் கல்லாக இருந்தது. பிறகு தோல் உரிந்தது. ஒரு நாள் அமுக்கினேன், பவளத்தின் விரல் மாதிரி மெத்தென்று இருந்தது. இனிப் பயமில்லை என்று சந்தோஷப்பட வேண்டியவள், அடுப்படிக்குப் போய் அழுதேன்.

ஆனால் அந்த அடி போகவில்லை. நெல்சன் இடத்துக்கு அப்புத்தளையிலிருந்து வந்தவர் அவரைப் பார்த்துப் பார்த்தே பழகியவர், அதையே வாசித்தார். அவரைப் பார்த்துக் கண்டியில் ஒருவர், அவரைப் பார்த்துக் கொழும்பில் நாலு பேர். ஹோட்டல் பேண்டுகளில் அதற்கு நெல்சன் ஸ்டைல் என்றே பெயராகிவிட்டது என்று நானா சொல்வார். சொல்லும்போதெல்லாம் எனக்குப் பகீர் என்னும்.

அறுபத்திரண்டு தையில் பவளத்துக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. எங்கள் தோட்டத்தில் முதல் ஆள். அந்தத் தாள் இல்லாவிட்டால் மனுவைக்கூடக் கையில் வாங்கியிருக்க மாட்டார்கள். வெள்ளை உடுப்புத் தைக்க மூன்று பேரும் நானா கடைக்குப் போனோம். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கோட்டுக்கு அளவு கொடுக்க ஒரு கந்தோர் மனுஷர் நின்றிருந்தார். திடீரென்று அந்த அடி. கொழும்பில் யாரோ வாசிக்கிறார்கள், பின்னால் பெரிய பேண்ட். முடிந்ததும் அறிவிப்பாளர் இங்கிலீஷில் நீளமாகப் பேசினார்.

கந்தோர் மனுஷர் எங்களுக்கு விளக்கம் சொன்னார். "இது நெல்சன் ஸ்டைல். பதுளையில் இருந்த பறங்கிக்காரர். அந்தக் கடைசி அடி பிரேசில் நாட்டுத் தாளமாம். இப்ப மெல்பேர்னில் இருக்கிறாராம். நீங்கள் இந்தப் பக்கத்து ஆட்கள்தானே, பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லைங்க," என்றார் என் வீட்டுக்காரர். "கேள்விப்பட்டிருக்கேன்."

பிரேசிலாம்! மாயாண்டி பசறை டவுனைத் தாண்டிப் போனதில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு நின்றேன். அந்த மனுஷர் அளவு கொடுத்துவிட்டுப் போனார். அப்போது பவளம் என் முழங்கையைத் தொட்டாள்.

"அம்மா, அது நம்ம மாயாண்டித் தாத்தாவோட பெரட்டுத் தப்பு இல்ல? அந்தப் பறங்கிக்காரரு நம்ம தோட்டத்துக்கு எப்ப வந்தாரு?"

நானா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். முக்காலியில் இருந்த இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாயை மூடு என்று சொல்லத்தான் என் நாக்கு எழுந்தது, பதினாலு வருஷப் பழக்கம். பிள்ளை பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் அப்பாவின் வாசிப்பு ஊருக்கெல்லாம் தெரியும், அது அப்பாவுடையது என்று இவளுக்கே தெரியாது. இதை நானே செய்து வைத்திருக்கிறேன்.

ஆணியிலிருந்த கோட்டை இழுத்துத் தரையில் போட்டேன். கித்தாரைத் தூக்கி இவர் மடியில் வைத்தேன்.

"அவரையே கேளு," என்றேன் பவளத்திடம்.

இவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு கம்பியாக முறுக்கினார். ரொம்ப நேரம் எடுத்தது. முதல் அடி சரியாக விழவில்லை. கையை உதறினார்.

"வெரல் வலிக்குது புள்ள."

"வலிக்கட்டும். வாசிங்க."

நான் கடை வாசலுக்குப் போய், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் மூன்று அடி விழுந்தது. நாலாவதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.